கண்ணுல ஒத்தின அரிசிப் பை

எங்க வீட்டுக்காரருக்கு ரகுபதின்னு பேரு வச்சது அவரைப் பெத்தவங்க. ஆனா சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல போய் ரகுபதி யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ‘ஒன்மோர் ரகு’ன்னு கேட்டுப் பாருங்க, பூக்கடை அக்காலேர்ந்து கோயில் மேளக்காரர் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போன் நம்பர் குடுப்பாங்க.

கல்யாணமோ வளைகாப்போ காதுகுத்தோ, எதை எடுத்தாலும் ஒரு தடவை கிளிக் பண்ணி மனுஷனுக்குத் திருப்தி வராது. “சூப்பர், ஒன்மோர்!” உடனே பாலும் பழமும் வாயில வச்ச மாப்பிள்ளை மறுபடி வாயத் தொறக்கணும். ஆரத்தி எடுத்த அத்தை மறுபடி தட்டச் சுத்தணும். ஒரு அறுபதாம் கல்யாணத்துல தாலிய இன்னொரு தடவை கட்டுங்கன்னு சொல்லிட்டாரு. அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “ஏற்கெனவே ரெண்டு தடவை கட்டியாச்சு தம்பி. ஒவ்வொண்ணுக்கும் அனுபவிக்க வேணாமா?”ன்னாரு. மண்டபமே சிரிச்சுது. கேலாங் சிவன் கோயில்ல ஒரு தடவை குருக்களையே கேட்டுட்டாரு, தீபாராதனைய இன்னொரு வாட்டி காட்ட முடியுமான்னு. அவரு முறைச்ச முறையில நான் லைட் ஸ்டாண்டு பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

நான் சுசீலா. வாரநாள்ல சாங்கி ஏர்போர்ட் கார்கோ ஆபீஸ்ல வேலை. சனி ஞாயிறுல இவருக்கு லைட் பிடிக்கிற சம்பளமில்லாத அசிஸ்டென்ட். இவரு முந்தி ஒரு பிரிண்டிங் கம்பெனியில இருந்தாரு. டிபார்ட்மென்ட்டையே மூடிட்டாங்க. மறுநாள் காலையில கேமராவைத் துடைச்சுக் கழுத்துல மாட்டிக்கிட்டு, “இனிமே இதான்லா”ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்குத் தோசைக்கல்லத் தூக்கிருப்பேன். ஆனா மனுஷன் உழைச்சாரு, அதையும் சொல்லணும். தீமிதிக்கும் தைப்பூசத்துக்கும் வெயில்னு பார்க்கல, மழைன்னு பார்க்கல. நல்ல படமும் எடுப்பாரு. முகத்தப் பார்த்தே எந்த முகம் படத்துல பேசும்னு அவருக்குத் தெரியும். அந்தத் திறமைதான் எங்கள இந்த நிலைமையில கொண்டாந்து விட்டுது.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழமை, கிராஞ்சி பக்கம் ஒரு டார்மிட்டரியில நிகழ்ச்சி. ஒரு நலச் சங்கம் அங்க தங்கியிருக்கிற வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தீபாவளிப் பை குடுத்தாங்க. அரிசி, எண்ணெய், பருப்பு, முறுக்கு பாக்கெட். சாப்பாடும் உண்டு. சங்கத்துச் செயலாளர் சாமுண்டீஸ்வரி மேடம் எங்க வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டிருந்தாங்க. “மிஸ்டர் ரகு, எனக்கு ஒரே ஒரு ஸ்ட்ராங் பிக்சர் வேணும். பார்த்தா மனசு உருகணும், ஓகே?”

வரிசையில நின்னவங்க எல்லாம் சின்னப் பசங்க. நல்லா முடி வெட்டி, ஞாயித்துக்கெழமை சட்டை போட்டு, பையை வாங்கினதும் சிரிச்சுக்கிட்டு கட்டைவிரலத் தூக்கிக் காட்டிட்டுப் போறாங்க. இவருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. “சுசீ, இதெல்லாம் சேல்ஸ் பிரமோஷன் மாதிரி இருக்கு. உருகாது.”

அப்பதான் அந்தப் பக்கம் சோறு பரிமாறிட்டிருந்த ஆளைப் பார்த்தாரு. ஐம்பது வயசு தாண்டிருக்கும். நெஞ்சு வரைக்கும் நரைச்ச தாடி. காலுல செருப்பு இல்ல. சாம்பார் தெறிச்ச பழைய டீ சர்ட். பெரிய கரண்டிய வச்சுக்கிட்டு, “டேய், கூச்சப்படாம வாங்குடா, இன்னும் ரெண்டு அப்பளம் வச்சுக்க”ன்னு பசங்களை அதட்டிப் பரிமாறிட்டிருந்தாரு. அவரு பேரு அங்கமுத்து. புதுக்கோட்டைப் பக்கம். அந்த டார்மிட்டரியிலேயே இருக்கிறவர்தான், ஆனா பை வாங்க வரல. சைட்ல கிரேன் சாமான் தூக்கும்போது பொறுப்பா நின்னு பார்த்துக்கிற சூப்பர்வைசர். பசங்களுக்குப் பரிமாற ஆள் பத்தலைன்னு தானா வந்து கரண்டியப் புடிச்சவர்.

அவரு பை வாங்க வரலைங்கிறது எங்களுக்கு அப்பத் தெரியாதான்னு கேட்டா, கரண்டி கையில இருக்கே, தெரியாம என்ன? இவரு நேராப் போய், “அண்ணே, உங்க முகம் அப்படியே ஓவியம் மாதிரி இருக்கு. ஒரே ஒரு படம்”னாரு.

“நான் பை வாங்க வரலியே தம்பி.”

“படத்துக்கு மட்டும்ணே. எடுத்ததும் பைய வரிசையில குடுத்திருங்க.”

பாவம், நல்ல மனுஷன். தட்ட முடியாம வந்து நின்னாரு. பைக்குப் பணம் குடுத்த ஸ்பான்சர் பையை நீட்டினாரு, அண்ணன் வாங்கினாரு. கிளிக். “சூப்பர், ஒன்மோர். ரெண்டு கையாலயும் வாங்குங்கண்ணே.” வாங்கினாரு. “ஒன்மோர். கொஞ்சம் குனிஞ்சு.” குனிஞ்சாரு. அதோட விட்டிருக்கலாம். எங்க வீட்டுக்காரர் கண்ணுல ஒரு வெளிச்சம் வந்துச்சு. “அண்ணே, கோயில்ல பிரசாதம் வாங்கினா என்ன பண்ணுவீங்க? அப்படியே கண்ணுல ஒத்திக்குங்க பார்ப்போம்.”

அங்கமுத்து அண்ணன் ஒரு நிமிஷம் தயங்கினாரு. அப்புறம் அந்த அரிசிப் பையத் தூக்கி, கண்ண மூடி, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு. நான்தான் லைட் பிடிச்சிட்டிருந்தேன். சாமிக்குச் செய்யறத மனுஷனுக்குச் செய்யச் சொல்றாரே இவருன்னு எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஆனா வாயத் தொறக்கல. எதுக்கெல்லாமோ தொறக்கிற வாய்.

அண்ணன் பையை வரிசையில நின்ன ஒரு பையன்கிட்ட குடுத்துட்டு மறுபடி கரண்டியப் புடிக்கப் போயிட்டாரு. படத்தப் பார்த்த சாமுண்டீஸ்வரி மேடம், “ஐயோ மிஸ்டர் ரகு, எனக்கு அழுகையே வருது”ன்னாங்க.

பொங்கலுக்குக் கேம்பல் லேன்ல கரும்பும் பானையும் வந்து இறங்கின சமயம், சங்கத்தோட நன்கொடைப் பேனரும் வந்து நின்னுச்சு. ஒரு ஆள் உயரத்துக்கு அங்கமுத்து அண்ணன். மூடின கண்ணு, நரைச்ச தாடி, கண்ணுல ஒத்தின அரிசிப் பை. பக்கத்துல, ‘உங்கள் ஒரு பை, இவர் வீட்டில் ஒரு பொங்கல்’னு எழுதியிருந்துச்சு. கீழ பொடி எழுத்துல, படம் எடுத்த எங்க வீட்டுக்காரர் பேரும் போன் நம்பரும். மனுஷனுக்குத் தலை கால் புரியல. போற வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, “நம்ம படம்தான்லா”ன்னாரு.

ரெண்டு நாள்ல போன் வந்துச்சு. “தம்பி, நான் அந்தப் படத்துல இருக்கிற ஆளு பேசுறேன்.” இவருக்கு ஒரே குஷி. பாராட்டத்தான் கூப்பிடுறாருன்னு நினைச்சுக்கிட்டாரு. “ஞாயித்துக்கெழமை கேம்பல் லேன் வாங்கண்ணே, பேனருக்குப் பக்கத்துல உங்கள நிக்க வச்சு ஒரு படம் எடுப்போம்!” சொன்னதோட நிக்கல, அந்தப் படத்தப் பெருசா பிரிண்ட் போட்டு, கண்ணாடி பிரேம் மாட்டி, கலர் பேப்பர் சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாரு.

அண்ணன் எதிர்ச் சாரியில, கரும்புக் கட்டுக்குப் பின்னால நின்னிருந்தாரு. தேய்ச்ச சட்டை, பேன்ட். தாடி மட்டும் அப்படியே இருந்துச்சு, காலும் வெறுங்காலுதான். பேனர் இருக்கிற பக்கமே முகத்தத் திருப்பல. எங்க வீட்டுக்காரர் பிரேமை நீட்டினாரு. அவரு வாங்கல.

“தம்பி, இத எடுக்க முடியுமா?”ன்னாரு. பேனரைக் கையால கூடக் காட்டல, தலைய மட்டும் லேசா அசைச்சாரு.

“ஏண்ணே? ஊரே பாராட்டுதே!”

அப்பதான் அவரு சொன்னாரு. மக அமலாவுக்குத் தை மாசக் கடைசியில கல்யாணம். தாடியும் வெறுங்காலும் அதுக்காகத்தான். மகளுக்கு நல்ல இடம் அமைஞ்சு கல்யாணம் முடியட்டும், குலதெய்வத்துக்கு முடி இறக்குறேன்னு வேண்டுதல். மாப்பிள்ளையோட ஒண்ணுவிட்ட அண்ணன் இங்க ஐடியில வேலை பார்க்கிறான். அவன் இந்தப் பேனரை போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்பிட்டான். மானம் கப்பலேறிப் போச்சுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. இந்தக் காலத்துல கப்பல் வர்ற வரைக்கும் யாரு காத்திருக்கா, அது வாட்ஸ்அப்ல ஏறி ஒரே நிமிஷத்துல புதுக்கோட்டை போய்ச் சேர்ந்துருச்சு.

“சம்பந்தி சண்டை போட்டாரா அண்ணே? கல்யாணத்த நிறுத்திட்டாங்களா?”ன்னு நான் பதறிப் போய்க் கேட்டேன்.

“நிறுத்தியிருந்தாக்கூட நின்னு பேசிருப்பேன்மா. ரொம்ப நல்ல மனுஷன் அவரு. போன் பண்ணி, ‘சம்பந்தி, நீங்க சீர் எதுவும் செய்ய வேணாம். கல்யாணச் செலவையும் நாங்களே பார்த்துக்கிறோம். உங்க நிலைமை தெரியாம நாங்க இவ்வளவு கேட்டுட்டோம், மன்னிச்சுக்குங்க’ன்னு சொல்லிட்டாரு.”

கட்டில், பீரோ, பாத்திரம், நகை எல்லாம் வாங்கி வச்சாச்சாம். “சீர் வண்டி அவங்க வாசல்ல வந்து நிக்கும்போது அதுக்கு முன்னால நான் தலை நிமிர்ந்து நடந்து வரணும்மா. அந்த ஒரு நடைக்காகத்தான் இத்தனை வருஷம் இந்த ஊரு வெயில்ல நின்னேன். இப்ப அந்தச் சீர எடுத்துட்டுப் போனாலும், எங்கயோ கை நீட்டி வாங்கிட்டு வந்திருக்கான்னுதான் பார்ப்பாங்க.”

“‘நான் பரிமாறப் போனவன், பை வாங்கல’ன்னு அவருகிட்ட சொல்லிருக்கலாமே அண்ணே!”ன்னேன்.

“எப்படிம்மா சொல்றது? பையை வாங்கினவனுங்க எல்லாம் என்கூட ஒரே ரூம்ல படுக்கிறவனுங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்லைன்னு சொன்னா, அவனுங்க எந்த மாதிரி ஆளு? அப்புறம் அவனுங்களோட எப்படி உக்காந்து சாப்பிடுவேன்?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிடுச்சு. அந்த நடு ரோட்டுலயே இவரைப் பார்த்து, “கண்ணுல ஒத்திக்கச் சொன்னீங்களே, இப்பப் பாருங்க, அவரு கண்ணுல தண்ணி வர வச்சுட்டீங்க!”ன்னு கத்திட்டேன். கரும்பு வாங்க வந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. இவரு அந்தப் பிரேமை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, திருவிழாவுல காணாமப் போன புள்ளை மாதிரி நின்னாரு.

அங்கேயே சாமுண்டீஸ்வரி மேடத்துக்குப் போன் போட்டாரு. “மிஸ்டர் ரகு, பிரிண்டிங் எல்லாம் முடிஞ்சு போச்சு. அவர் பேர் கூடப் போடலையே நாங்க. இதுல என்ன ஷேம்? ஹி லுக்ஸ் சோ நோபிள் லா. பொங்கல் முடியட்டும், தானா எடுத்துருவோம்.” போனை வச்சிட்டு இவரு என் முகத்தப் பார்க்கல, அண்ணன் முகத்தையும் பார்க்கல. தரையில கெடந்த கரும்புத் தோகையையே பார்த்துட்டிருந்தாரு.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிரேமை எங்க வைக்கிறதுன்னு தெரியல. மாட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது, அதுல ஒரு மனுஷன் முகம் இருக்கே. கடைசியில பீரோவுக்குப் பின்னால சுவத்தப் பார்த்துத் திருப்பி வச்சாரு. அந்த வாரம் வந்த ஒரு வளைகாப்பு ஆர்டரை வேணாம்னுட்டாரு. சோத்துல கைய வச்சுக்கிட்டு, “சுசீ, வெக்கமா இருக்கு”ன்னாரு. பதினெட்டு வருஷ வாழ்க்கையில அவரு வாயால இந்த வார்த்தைய நான் கேட்டதில்ல. எனக்கு மட்டும் இல்லையா? லைட் பிடிச்சது யாரு?

“வெக்கப்பட்டு உக்காந்திருந்தா பேனர் இறங்கிருமா? அந்தச் சம்பந்திகிட்ட நீங்க பேசுங்க. அண்ணன் சொல்ல வேணாம். ஒன்மோர் சொன்ன வாய் சொல்லட்டும்.”

அடுத்த ஞாயித்துக்கெழமை மத்தியானம் கிராஞ்சிக்குப் போனோம். பஸ்ஸு எப்ப வருதோ அப்ப வரும், இறங்கி வெயில்ல நடந்தோம். இவரு கேமராவையும் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தாரு. அண்ணனை ஹெல்மெட்டு, சூப்பர்வைசர் உடுப்போட கிரேன் முன்னால கம்பீரமா ஒரு படம் எடுத்து அனுப்பினா எல்லாம் சரியாயிரும்னு அவரு கணக்கு. சொன்னதும் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. “வேணாம் தம்பி. இன்னொரு படம் வேணாம்.”

கேன்டீன் மேசையில அவரோட ரூம் பசங்களும் இருந்தாங்க. விஷயம் அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அதுல ஒருத்தன், சரத்துன்னு பேரு, எங்க வீட்டுக்காரரைப் பார்த்து நேராவே சொன்னான். “நாங்க பை வாங்கினோம், பருப்பு வச்சோம், ருசியா சாப்பிட்டோம். அதுல எங்களுக்கு ஒரு கேவலமும் இல்ல. எங்களுக்குச் சோறு போட்ட மனுஷனைப் புடிச்சுக் குனிய வச்சீங்களே, அதான் சார் கேவலம். சம்பந்திகிட்ட தாராளமாச் சொல்லுங்க, எங்கள நினைச்சுத் தயங்காதீங்க.” இவரு தலையாட்டினாரு.

அண்ணன் வீடியோ கால் போட்டாரு. ரத்னவேல்னு பேரு சம்பந்திக்கு. நெத்தியில விபூதி, சிரிச்ச முகம், பின்னால பந்தலுக்குக் கொண்டாந்த மூங்கில் சாத்தி வச்சிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் போனை வாங்கி எல்லாத்தையும் சொன்னாரு. ஒண்ணையும் மறைக்கல. அண்ணன் பை வாங்க வரல, பரிமாறிட்டிருந்தாரு, நான்தான் இழுத்துட்டு வந்து நிறுத்தினேன், ரெண்டு கையால வாங்கச் சொன்னேன், குனியச் சொன்னேன், கண்ணுல ஒத்திக்கச் சொன்னேன். “அந்தப் படம் பொய்ங்க ஐயா. நான் செஞ்ச பொய்.” இத்தனை வருஷமா, ‘படம் பொய் சொல்லாதுலா’ன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமையடிச்ச மனுஷன். எனக்கு அந்த நேரத்துல அவரு மேல கோவமே இல்ல.

ரத்னவேல் ஐயா பொறுமையாக் கேட்டாரு. அப்புறம் ரொம்பத் தன்மையாச் சொன்னாரு.

“தம்பி, நீங்க யாரோ எவரோ, எங்க சம்பந்தியோட மானத்தக் காப்பாத்த இவ்வளவு தூரம் பழிய உங்க மேல போட்டுக்கிட்டுப் பேசுறீங்க. நல்லா இருப்பீங்க. ஆனா படத்த நாங்களும் பார்த்தோம்ல? பைய அப்படிக் கண்ணுல ஒத்தணும்னா, இல்லாதப்பட்டவனுக்குத்தான் தம்பி வரும். சொல்லிக் குடுத்தெல்லாம் வராது.”

“இல்லைங்க ஐயா, நான்தான்...”

“விடுங்க தம்பி. எங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்ல. பொண்ணு தங்கமான பொண்ணு. சம்பந்தி எதையும் சுமக்க வேணாம், சும்மா வந்து அட்சதை போட்டாப் போதும். போனை அவருகிட்ட குடுங்க.”

இவரு அண்ணன்கிட்ட போனைக் குடுத்தாரு. எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி, அடப் பாவி மனுஷா, நம்பித் தொலையேன்னு கத்தணும் போல இருந்துச்சு. நல்லவங்களைத் திட்டுறதுக்கு எந்த வார்த்தையும் வாயில வரல.

“சம்பந்தி, தம்பி சொன்னத நாங்க தப்பா எடுத்துக்கல. நீங்களும் மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம். சரிதானே?”

அங்கமுத்து அண்ணன் எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாரு. மறுத்துப் பேசி, வாக்குவாதமாகி, மக வாழப் போற வீட்டுல கசப்பு வந்துட்டா? அவரு முகத்துல அதுதான் ஓடுச்சு.

“சரிங்க சம்பந்தி. உங்க பெரிய மனசு”ன்னாரு.

போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. குனிஞ்சாரு. கண்ண மூடி, அந்தப் போனைத் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க வீட்டுக்காரர் கழுத்துல கேமரா தொங்கிட்டிருந்துச்சு. அவரு அதக் கழட்டி, மேசைக்குக் கீழ, தன் காலுக்குப் பக்கத்துல வச்சிட்டு, ரெண்டு கையாலயும் முகத்தப் பொத்திக்கிட்டாரு.